சுவருக்கு இந்தப் பக்கம்: ஸ்காட்லாந்தின் ஒரு கோல்ஃப் விடுதியின் கதை

இராஷ்டிரபதி பவனும் இந்தியா கேட்டும் எட்வின் லட்யன்ஸ் போட்ட படம் என்பது தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே தெரிந்துவிடும். அந்த மனிதர் தில்லிக்கு வருவதற்குப் பதினோரு வருஷம் முன்னால், 1901ல், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோரம் கல்லன் என்ற சின்ன ஊரில் ஒரு விடுமுறை வீடு கட்டினார். கோல்ஃப் ஆடுகிற ஒரு நண்பர் தங்குவதற்கான வீடு. அது பின்னாளில் விடுதியாகி, உலகத்துப் பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர்கள் எல்லாம் தேடிப்போய்த் தங்கிய இடமாயிற்று. கிரேவால்ஸ் என்று பெயர். சாம்பல் சுவர்கள் என்று பொருள். ஆனால் பாருங்க, அந்தச் சுவர் சாம்பல் நிறமே இல்லை! பக்கத்துக் கல்குவாரியில் வெட்டிய தேன்நிறக் கல். சாயங்கால வெயில் பட்டால் மஞ்சள் பூசின மாதிரி இருக்கும்.

ஒரு விடுதி ஏன் நிலைக்கிறது, இன்னொன்று ஏன் அழிகிறது என்ற கேள்வி எனக்கு வெகுநாளாய் உண்டு. கடை வைத்துப் பிழைத்தவன், சரக்கு வாங்க ஊர் ஊராய்ப் போய்த் தங்கினவன் என்பதால் வந்த கேள்வி. கோல்ஃப் நான் ஆடினதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஸ்காட்லாந்துக் கோல்ஃப் விடுதிகளைப் போல நல்ல பதில் சொல்லும் சரித்திரம் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே மணல்மேடும் முரட்டுப் புல்லுமாகக் கிடக்கும் பூமியை அவர்கள் லிங்க்ஸ் என்பார்கள். நம் திருநெல்வேலித் தேரி மாதிரி, உழவுக்கு உதவாத மண். ஆடு மேயும், முயல் வளை தோண்டும். உழவன் கைவிட்ட அந்த இடத்தில்தான் ஆட்டம் பிறந்தது. 1457லேயே ஸ்காட்லாந்து மன்றம், ஜனங்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தாட்டத்திலும் கோல்ஃபிலும் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று இரண்டையும் தடை செய்தது. தடை போட்டால் ஆட்டம் நிற்குமா? 1744ல் எடின்பரோவுக்கு அடுத்த லீத் துறைமுகத்தில் ஆட்டக்காரர்கள் சிலர் கூடி 13 விதிகள் எழுதினார்கள். கோல்ஃபுக்கு எழுத்தில் கிடைத்த முதல் சட்டம் அதுதான். எழுதினவர்களின் கழகமே இன்றைக்கும் மியூர்ஃபீல்ட் மைதானத்துக்குச் சொந்தக்காரர்களான எடின்பரோ கோல்ஃபர்களின் மாண்புமிகு கழகம். லீத்தில் நெரிசல் ஆனதும் மஸல்பரோவுக்குப் போனார்கள். அங்கேயும் கூட்டம் சேரவே, 1891ல் கல்லன் ஊருக்குப் பக்கத்தில் மியூர்ஃபீல்ட் என்ற இடத்தில் சொந்த மைதானம் அமைத்து, சுற்றிலும் சுவரும் எழுப்பிக்கொண்டார்கள். அந்தச் சுவரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் பரவினதற்கு இன்னொரு காரணம் பந்து. ஆதியில் தோலுக்குள் இறகு திணித்துத் தைத்த பந்து. ஒரு தொழிலாளி ஒரு நாளில் நாலைந்துதான் தைக்க முடியும், விலையோ யானை விலை. 1848 வாக்கில் மலாய் நாட்டு மரத்துப் பிசினான குட்டா பெர்ச்சாவை உருட்டிப் பந்து செய்யக் கற்றார்கள். விலை சரிந்தது, சாமானியனும் ஆட வந்தான். ஒரு சரக்கின் விலை இறங்கினால் ஒரு ஊரின் பழக்கமே மாறும் என்பது வியாபாரிகளுக்குப் புதுச் செய்தி இல்லை. அதற்கப்புறம் ரயில் வந்தது. லண்டனில் இருக்கிற வக்கீலும் மந்திரியும் ராத்திரி வண்டி ஏறிக் காலையில் ஸ்காட்லாந்து மணலில் நிற்கலாம் என்றாயிற்று. பின்னாளில் பிரதமரான ஆர்தர் பால்ஃபர் கல்லனுக்குப் பக்கத்து நார்த் பெரிக்கில் விடாமல் ஆடினவர். அவரைப் பார்த்தே இங்கிலாந்துப் பிரபுக்கள் பலர் இந்த ஆட்டத்துக்கு வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் ஆல்ஃபிரட் லிட்டெல்டன். இங்கிலாந்துக்காகக் கால்பந்து, கிரிக்கெட் இரண்டிலும் ஆடிய முதல் மனிதர். வக்கீல், பிறகு பாராளுமன்ற உறுப்பினர். மியூர்ஃபீல்டின் 18ஆம் குழிக்கு ஒரே ஒரு குட்டை அடி தூரத்தில் தனக்கு வீடு வேண்டும் என்று லட்யன்ஸிடம் கேட்டார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. கேட்டபடியே அமைந்தது. 1903 முதல் 1905 வரை இவர் பால்ஃபர் மந்திரிசபையில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் இந்தியர்களுக்காக மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்த காலம் அது. தமிழ்ப் பக்கங்களும் சேர்த்து ‘இந்தியன் ஒபீனியன்’ பத்திரிகை தொடங்கின காலமும் அதுதான். அந்த ராஜாங்கக் காகிதங்கள் போய்ச் சேர்ந்த இலாகாவின் தலைவர், ஒழிந்த நேரத்தில் கல்லனில் பந்து அடித்தவர்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். லிட்டெல்டன் வேறு, லிட்டன் வேறு. லட்யன்ஸ் மணந்தது எமிலி லிட்டன் என்ற அம்மையாரை, 1897ல். அவர் தகப்பனார்தான் 1876 முதல் 1880 வரை வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபு. நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கினார்களே, சென்னை மாகாணத்தில் இலட்சோபலட்சம் பேர் மாண்ட அந்தப் பஞ்சத்தின்போது, 1877 ஜனவரி முதல் தேதி தில்லியில் தர்பார் நடத்தினவர் இவர். மகள் எமிலியோ பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்து, அடையாற்றிலிருந்து அன்னி பெசன்ட் அம்மையார் அழைத்துப்போன ஜே. கிருஷ்ணமூர்த்திக்குத் தாய் போல இருந்தார். ஒரே குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் இத்தனை முடிச்சு! கட்டுரை விஷயத்துக்குத் திரும்புவோம்.

கிரேவால்ஸின் சிறப்பு அதன் முகப்பில் இருக்கிறது. பெரிய மனுஷர் வீடு என்றால் வாசல் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும், வருகிறவன் அண்ணாந்து பார்க்க வேண்டும். இந்த வீட்டின் முகப்பு உள்வாங்கி வளைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கைகளை விரித்து, வாங்க வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி. வட்டமான முற்றத்துக்குள் வண்டி குறுக்காக வந்து நிற்கும். உயரமும் அதிகமில்லை. பின்பக்கம் மைதானத்தையும் கடலையும் பார்த்த மாதிரி. காற்று அடிக்கிற கரையாகையால் சுவர்களை நீட்டி, அவற்றின் மறைவில் தோட்டம் போட்டார்கள். தோட்டக்கலையில் பெயர்பெற்ற கெர்ட்ரூட் ஜீக்கிலின் கைவண்ணம் என்று வழிவழியாய்ச் சொல்கிறார்கள். தில்லியில் அத்தனை பெரிய மாளிகையைக் குன்றின்மேல் தூக்கி நிறுத்தின அதே கை, இங்கே ஒரு வீட்டைத் தரையோடு தரையாக உட்கார வைத்திருக்கிறது. லட்யன்ஸின் தில்லியை நான் தினமும் பார்க்கிறேன், மதிப்பும் உண்டு. ஆனால் விருந்தாளியாகப் போய் இறங்கச் சொன்னால் நான் கல்லனுக்குத்தான் போவேன்.

லிட்டெல்டன் வெகுநாள் வைத்திருக்கவில்லை. 1905ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற செல்வந்தர் வாங்கினார். வாசலில் காவல் வீடுகள் சேர்ந்தன. அவர் மனைவி, மன்னர் ஏழாம் எட்வர்டின் சிநேகிதர். மன்னரும் வந்து தங்கினார். 1911ல் ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் ராபர்ட் லோரிமர் ஒரு பக்கக் கட்டு சேர்த்தார். 1924ல் இன்னொரு கை மாறிற்று. வாங்கினவர் பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் சிரிப்பார்கள். ஜேம்ஸ் ஹார்லிக். ஆமாம், காய்ச்சல்காரனுக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் நாம் ஆற்றிக் கொடுக்கிறோமே, அந்த ஹார்லிக்ஸ்தான். அதைத் தொடங்கின சகோதரர்களில் ஒருவரின் மகன். இவருக்குச் செடிகொடியில் பைத்தியம். பின்னால் 1944ல் மேற்குக் கரையோரம் கீகா என்ற தீவையே வாங்கித் தோட்டம் போட்டவர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அத்தனை பெரிய வீட்டை ஆள் வைத்து நடத்துவது பிரபுக்களுக்கே கட்டுபடியாகவில்லை. 1948ல் ஹார்லிக்கின் மகள் குடும்பத்தார் வீட்டை விடுதியாகத் திறந்தார்கள். வீட்டை விற்காமல் காப்பாற்ற அவர்கள் கண்ட வழி அது. பல பத்தாண்டுகள் அதே குடும்பம் முதலாளியாக இருந்தது. அறைகள் இருபதுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமாக ரயில் கம்பெனிகள் கட்டின விடுதிகளைப் பார்க்க வேண்டும். பெரிய ஸ்காட்லாந்து வடக்கு ரயில்வே, அபர்டீனுக்கு வடக்கே க்ரூடன் பே என்ற இடத்தில் 1899ல் ஒரு மாளிகை கட்டிற்று. பீட்டர்ஹெட் இளஞ்சிவப்புக் கருங்கல். பக்கத்திலேயே நல்ல மைதானம். ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிப்போக மின்சார டிராம் வேறு. என்ன குறை? தூரம். குளிர்ந்த கரை. வருஷத்தில் சில மாசம்தான் கூட்டம். முதலாளிக்கு ரயில் டிக்கெட் விற்கவேண்டும் என்பதே நோக்கம், விடுதி அதற்கு ஒரு கருவி. மோட்டார் வந்ததும் ரயிலில் போகிறவன் குறைந்தான். 1932ல் பயணி ரயில் நின்றது. டிராம் மட்டும் இன்னும் சில வருஷம் அழுக்குத் துணி ஏற்றிக்கொண்டு ஓடிற்று, ஏனென்றால் கம்பெனியின் மற்ற விடுதிகளின் துணியும் அங்கேதான் வெளுத்தார்கள். ராஜா மாதிரி வாழ்ந்த விடுதி கடைசியில் வண்ணானாகப் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். போரில் இராணுவம் எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் இடித்துவிட்டார்கள். மைதானம் இருக்கிறது, இன்றும் பெயர் பெற்ற மைதானம். மாளிகை போச்சு.

தெற்கே டர்ன்பெரியில் 1906ல் இன்னொரு ரயில் கம்பெனி கட்டினது பிழைத்தது, ஆனால் அடிபட்டுப் பிழைத்தது. இரண்டு போரிலும் அந்த மைதானம் விமானத்தளமாயிற்று. இரண்டாம் போரில் ஓடுபாதைக்குக் காங்கிரீட் கொட்டினார்கள். அதைப் பெயர்த்தெடுத்து 1951ல் மெக்கென்ஸி ராஸ் என்பவர் மைதானத்தைப் புதிதாய்ச் சமைத்தார். 1977ல் டாம் வாட்சனும் ஜாக் நிக்லஸும் மோதிய பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயம் அங்கேதான். 2014ல் டொனால்ட் டிரம்ப் அதை வாங்கின சேதி எல்லோருக்கும் தெரியும்.

க்ளெனீகிள்ஸ் பெயரை நம்மவர்கள் பேப்பரில் பார்த்திருப்பார்கள். கழுகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கேலிக் மொழியில் கோவிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். கலிடோனியன் ரயில்வே ஆரம்பித்த வேலை முதல் போரில் நின்று, 1924ல்தான் விடுதி திறந்தது. மைதானங்கள் ஜேம்ஸ் பிரெய்ட் அமைத்து 1919லேயே தயார். 1977ல் காமன்வெல்த் தலைவர்கள் இங்கே கூடித்தான் நிறவெறித் தென்னாப்பிரிக்காவுடன் விளையாட்டு உறவு கூடாது என்று ஒப்பந்தம் செய்தார்கள். அதற்கு இந்த விடுதியின் பெயரே நிலைத்தது. 2005 ஜூலையில் ஜி8 மாநாட்டுக்கு நம் பிரதமர் மன்மோகன் சிங்கும் அழைக்கப்பட்டுப் போயிருந்தார். லண்டனில் குண்டு வெடித்தது அந்த மாநாட்டின் நடுவில்தான். 2014ல் ரைடர் கோப்பையும் அங்கே நடந்தது. ஆக அது ஒரு ராஜ்யம். பணமும் பந்தோபஸ்தும் இருந்தால் ராஜ்யம் நிலைக்கும். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கிரேவால்ஸ் நிலைத்ததுதான் ஆச்சரியம். ரயில் கம்பெனி பின்னால் இல்லை. சொந்த மைதானம்கூடக் கிடையாது. பக்கத்து மைதானம் மியூர்ஃபீல்ட், அதுவோ வெளியாளை எளிதில் உள்ளே விடாத கழகம். கல்லன் ஊருக்கு வந்த கிளை ரயிலிலும் 1932லேயே பயணிகள் வண்டி நின்றுவிட்டது. அப்படியும் ஆட்கள் வந்தார்கள். காரணம் என்னவென்று பார்த்தால், வீடாகக் கட்டினதை வீடாகவே நடத்தினார்கள் என்பதுதான். பதிவு மேஜைக்குப் பதில் வரவேற்பறை. புத்தக அறையில் விறகு எரியும், பியானோ கிடக்கும், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஈரக் கோட்டோடு வருகிறவனை முறைக்க மாட்டார்கள்.

நானே ஒன்று சொல்கிறேன். எங்களவர் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள். நான் வாலிபத்தில் சரக்கு எடுக்க ஊர் ஊராய்ப் போன நாளில், ஏழரைக்குத்தான் சமையல் என்று கண்டிப்பாய்ச் சொன்ன பெரிய விடுதிகளின் பெயர் மறந்துவிட்டது. அஞ்சரைக்கே அடுப்பு மூட்டி இரண்டு தோசை வார்த்துப்போட்ட ஒரு சின்ன விடுதியம்மாளை மறக்கவில்லை. அந்த ஊருக்கு எப்போது போனாலும் வேறெங்கும் நான் தங்கினதில்லை. ஸ்காட்லாந்தில் எனக்கு இந்தத் தொல்லை கோடையில் இராது. ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து ஆகிறது. ஒன்பதுக்குச் சாப்பிட்டாலும் விரதம் கெடாது!

இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. அந்த நீண்ட சாயங்காலம்தான் கோல்ஃப் விடுதியின் முக்கால் மூலதனம். பகல் முழுக்க ஆடி, சாப்பிட்டு எழுந்தபின்னும் இன்னும் இரண்டு குழி ஆட வெளிச்சம் மிச்சமிருக்கும். 1980 ஜூலையில் மியூர்ஃபீல்டில் ஓப்பன் பட்டத்தை ஜெயித்த டாம் வாட்சன் கிரேவால்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூடவே சக ஆட்டக்காரர் பென் கிரென்ஷா. கிரென்ஷாவிடம் பழங்காலத்து ஹிக்கரி மரக் கைப்பிடி மட்டைகளும் ஒரு குட்டா பெர்ச்சா பந்தும் இருந்தன. அந்தக் காலத்தில் எப்படி ஆடினார்கள் பார்ப்போமே என்று, மனைவிமாரும் நண்பர்களுமாய் விடுதியை ஒட்டிய பத்தாவது குழிக்குப் போய் ஆடினார்கள், 18ஆம் குழி வழியாகத் திரும்பினார்கள். கழகத்தின் செயலாளர், பழைய கடற்படைக் கேப்டன் ஹான்மர், வந்து பிடித்துக்கொண்டார். அன்று உலகமே பார்த்த சாம்பியன், அனுமதியில்லாமல் மைதானத்தில் கால்வைத்த குற்றத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். விடுதிக்காரர் வாங்க என்கிறார், கழகத்துக்காரர் வெளியே போ என்கிறார். நடுவில் ஒரு சுவர்தான்.

இந்தச் சுவர் வேடிக்கையோடு நிற்கிற விஷயம் இல்லை. நம் பாட்டன்மாருக்குக் கிளப் என்றால் என்னவென்று தெரியும். வெள்ளைக்காரர் கிளப்பில் இந்தியன் வேலையாளாகத்தான் நுழையலாம். பம்பாயில் கவர்னர் வில்லிங்டன் பிரபு இந்தியரையும் ஐரோப்பியரையும் சேர்த்து உட்காரவைக்க முதல் உலகப்போரின் கடைசியில் தனியாக ஒரு கிளப்பே தொடங்க வேண்டியிருந்தது. அதே வில்லிங்டன் பிறகு நம் சென்னைக்கும் கவர்னராய் வந்தார். மியூர்ஃபீல்டில் கதவு அடைபட்டது பெண்களுக்கு. உறுப்பினராகப் பெண் ஒருத்தியும் கிடையாது. 1744லிருந்து! இத்தனைக்கும் சுவருக்கு இந்தப் பக்கம், அதே மைதானத்தைப் பார்த்த ஜன்னலோரம், 1948 முதல் பெண்கள் சமமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விருந்தோம்பலுக்கு விதிப்புத்தகம் தேவைப்படவில்லை, அறை வாடகை கொடுத்தால் போதும் என்று யாராவது கேலி பேசலாம். பேசட்டும். காசு வாங்கிக்கொண்டு கதவு திறக்கிறவனை, காசே வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறவனைவிடத் தாழ்ந்தவன் என்று நான் நினைப்பதில்லை. வியாபாரத்தில் இருக்கும் ஒரு தர்மம் அது.

2016 மே மாதம் கழகத்தில் வாக்கெடுப்பு நடந்தது. பெண்களைச் சேர்க்கலாம் என்று 397 பேர், கூடாது என்று 219 பேர். பெரும்பான்மை இருந்தும் மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை, தீர்மானம் தோற்றது. உடனே ஓப்பன் பந்தயத்தை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு, இனி மியூர்ஃபீல்டில் ஓப்பன் இல்லை என்று அறிவித்தது. கல்லன் ஊர்க் கடைக்காரர், விடுதிக்காரர் வயிற்றில் அடி. ஓப்பன் வருகிற வருஷம்தான் அந்தச் சுற்றுவட்டாரத்துக்குத் தீபாவளி. யாரோ 219 பேர் சாத்தின கதவுக்கு ஊரே நஷ்டக்கணக்கு எழுதும் நிலை. 2017 மார்ச்சில் மறுபடி வாக்கெடுப்பு. இந்தத் தடவை 498க்கு 123. கதவு திறந்தது. 2019ல் முதல் பெண் உறுப்பினர்களுக்கு அழைப்புப் போயிற்று.

2022 ஆகஸ்டில் பெண்கள் ஓப்பன் முதல் தடவையாக மியூர்ஃபீல்டில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாயும் கொரியாவின் இன் ஜீ சுன்னும் சமநிலையில் முடித்தார்கள். 18ஆம் குழியையே திரும்பத் திரும்ப ஆடினார்கள், நாலாவது தடவைதான் முடிவு தெரிந்தது. லிட்டெல்டன் கேட்டு வாங்கின குட்டை அடி தூரத்து அதே குழி. மணி ஒன்பதைத் தாண்டி, வெளிச்சம் கரைகிற நேரம் புஹாய் ஜெயித்தார்.